வேர்க்காத அண்ணாச்சி

கதைன்னதும் எல்லாரும் சம்மணம் போட்டு உக்காந்துட்டீங்க. என்ன எதிர்பாக்கீங்கன்னு எனக்குத் தெரியும். சிங்கம் வரும், நரி வரும், நரி யாரையாவது ஏமாத்தும், கடைசில ஒரு நீதி வரும், அதுக்கு நாலு பேரு தலையாட்டுவீங்க, நாளைக்குக் காலைல அதே தப்பைப் போய்ச் செய்வீங்க. இதுல சிங்கமும் கிடையாது, நரியும் கிடையாது. ஒரு கண்ணாடிப் பெட்டி வருது. பெட்டிக்குள்ள ஒரு குடும்பம் வருது. சுவத்துல ஒரு பல்லி வருது. வீட்ல பெரிய கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கவங்க யாராவது இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. பாதில போனா எனக்குத்தான் சங்கடமா இருக்கும்.

யாரும் போவல. சரி.

ஒரு ஊர்ல, திருநெல்வேலி டவுன்னே வச்சுக்கிடுங்களேன், ஒரு மாடி ரூம்ல, மேசை மேல ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்துச்சு. பெட்டிக்காரரு பேரு சிவசைலம். பாத்திரக்கடை குடோன்ல மேனேஜர். குடோன்ல எங்கயாவது ஒரு சாமான் விழுந்தா, அது குடமா, தூக்குவாளியா, எத்தனை இஞ்சுன்னு சத்தத்தை வச்சே சொல்லிருவாரு. அவ்வளவு கெட்டிக்காரரு. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா அவரு மேனேஜர் இல்ல. கார் ரேஸ் வீரரு. கம்ப்யூட்டர்லதான். அந்தக் கம்ப்யூட்டர்தான் இந்தக் கண்ணாடிப் பெட்டி.

எதிராளி வேற யாரும் இல்ல, வள்ளியூர்ல இருக்க மச்சினன் இசக்கிராஜா. அவரு வீட்ல இருந்து அவரும், இவரு வீட்ல இருந்து இவரும் ஒரே ரோட்ல கார் விடுவாங்க. இசக்கிராஜா கார் எல்லையைத் தொட்டு நிக்கும்போது, நம்மாளு கார் மூணாவது வளைவுல சுவத்தை உரசிக்கிட்டு இருக்கும். உடனே போன் வரும்.

"அத்தான், நான் ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துரட்டுமா?"

கேலியெல்லாம் இல்ல, மரியாதையாத்தான் கேப்பாரு. அந்த மரியாதைதான் சிவசைலத்துக்குத் தொண்டையில மீன்முள்ளு மாதிரி நின்னுச்சு.

பெட்டிக்குள்ள அப்ப இருந்தவங்களையும் சொல்லிருதேன். முதல்ல பிராசஸர். ரெண்டு விரல்ல பிடிக்கிற அளவுதான் ஆளு. யாரு என்ன வேலை சொன்னாலும் அவரு வாய்ல வார ஒரே வார்த்தை, "ஆகட்டும்." கணக்குப் போடுததுதான் அவரு சோலி. அதோட கைவேலையா கொஞ்சம் படம் வரையவும் தெரியும். ரோடு, மரம், காரு எல்லாம் அவரே வரைஞ்சு, பெட்டி முதுகுல இருக்க ஓட்டையில சொருகின வயரு வழியா மானிட்டருக்கு அனுப்புவாரு. சுமாராத்தான் இருக்கும். ஆனா இருக்கும்.

அவரு தலைமேல கூலரு. பிராசஸருக்குச் சூடு ஏறாம விசிறுதது அவ பொறுப்பு. பக்கத்துல ரேம் ரெண்டு பேரு, இரட்டையங்க. ஒருத்தன் "என்ன"ன்னு ஆரம்பிச்சா மத்தவன் "வேணும்"னு முடிப்பான். அடியில பவர் சப்ளை. எல்லாருக்கும் சோறு போடுதவரு. அதைச் சொல்லிக் காட்டாம ஒருநாளும் போட்டது கிடையாது.

பல்லி வெளியில. பெட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண் சந்து, அதுதான் அதுக்கு வீடு. சாயங்காலம் மானிட்டர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், தின்னும். பெட்டிக்குள்ள இருந்து வார சூட்டுக் காத்துல தூங்கும். ஊரே பெட்டிக்கு முகத்தைத்தான் பாக்கும். பல்லி மட்டும்தான் முதுகைப் பாக்கும். இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

இன்னொண்ணு. சிவசைலத்தோட வீட்டம்மா வடிவுக்குப் பல்லி சொல்லுததுல அசையாத நம்பிக்கை. தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னாடி பல்லி சொல்லும் பலன்னு ஒரு பட்டியல் போட்டிருப்பான்ல, அது அந்தம்மாவுக்கு மனப்பாடம். பல்லி சொல்லாம அந்த வீட்ல மிக்ஸிகூட மாத்தினது கிடையாது.

ஒருநாள் சிவசைலம் ஒரு வீடியோ பாத்தாரு. அதுல ஒருத்தரு, தம்பிகளா, படம் வரையுததுக்குன்னே தனியா ஒரு ஆளு வேணும், அதுதான் கிராபிக்ஸ் கார்டு, அது இல்லாம ரேஸுக்குப் போறது கட்டை வண்டில போற மாதிரின்னு சொன்னாரு. சிவசைலத்துக்குத் தூக்கம் போச்சு. அடுத்த வாரமே, தாம்பாளத்துல வச்சுத் தூக்குத மாதிரி, ரெண்டு கையாலயும் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுனாரு.

வடிவு அட்டைப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, சூடம் அட்டையில பட்டுப் பொசுங்கி, அதை முந்தானையால அணைச்சு, எல்லாம் முறையா நடந்துச்சு. சிவசைலம் வீடியோவை ஓட விட்டு, அவரு ஒண்ணு சொல்ல இவரு ஒண்ணு செய்யன்னு, திருகாணியும் கையுமா உக்காந்து கார்டைப் பொருத்தினாரு. வீடியோவுல இன்னும் ரெண்டு நிமிசம் பாக்கி இருக்கும்போது கீழ இருந்து வடிவு, ரசம் ஆறுது, வாரீங்களா இல்லையான்னு கேட்டா. போய்ச் சாப்பிட்டாரு. திரும்பி வந்து, மிச்சம் என்ன, மூடுததுதானன்னு, வீடியோவை நிறுத்திட்டு, கழத்திப் போட்ட வயரையெல்லாம் கைப்பழக்கத்துல அதது இடத்துல சொருகி, பெட்டியை மூடி, சந்தோசமா ஒரு ஏப்பம் விட்டாரு.

பல்லி முதுகுப் பக்கத்துல இருந்து பாத்துச்சு. தலையை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பாத்துச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சுப் பாத்துச்சு. "யய்யா, அந்த வயரு"ன்னு ஆரம்பிச்சுது.

மனுசங்க காதுல அது எப்படி விழும்? "ச்ச், ச்ச், ச்ச்."

வடிவு கன்னத்துல போட்டுக்கிட்டா. "வடக்குச் சுவர்ல சொல்லியிருக்கு. நினைச்ச காரியம் கைகூடும்."

"பின்ன," ன்னாரு சிவசைலம்.

பெட்டிக்குள்ள நடந்ததைக் கேளுங்க. கார்டு வந்து உக்காந்ததும் பாதி எடம் போச்சு. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. மூணு விசிறி. சிவப்பு, பச்சை, நீலம்னு மேலெல்லாம் விளக்கு. கல்யாண மண்டபத்துல முன்வரிசை சோபால வந்து உக்காருவாங்கல்ல சில பேரு, வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கிட்டு, அப்படி வந்து உக்காந்துச்சு. குரலும் அப்படித்தான். தொண்டையில இருந்து வராது, தொப்புள்ல இருந்து வரும்.

"நாம வந்தாச்சு. இனி யாரும் எதுக்கும் கவலைப்பட வேண்டாம். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாருங்க. நம்ம வேலையை நாம பாத்துக்கிடுதோம்."

அன்னையில இருந்து எல்லாருக்கும் அவரு அண்ணாச்சி.

பிராசஸருக்குத்தான் ரொம்ப சந்தோசம். படம் வரையுத சோலி இனிமே நமக்கு இல்ல, கணக்கை மட்டும் பாக்கலாம்னு கூலர்ட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. ஞாயித்துக்கிழமை ஆறு மணி ஆச்சு. ரேஸ் தொடங்கிச்சு. பாத்தா, ரோடு வரை, மரம் வரை, காரு வரைன்னு எல்லா வேலையும் வழக்கம்போல அவரு மேசைக்கே வந்து நிக்கு.

கூலருக்குச் சந்தேகம். "ஏங்க, அண்ணாச்சி வந்தபெறகும் நீங்க ஏன் வரையணும்? ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன?"

"பெரியவங்ககிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாது," ன்னாரு பிராசஸர். "நான் புள்ளி வைக்கேன். கோலம் அவரு போடுவாருல்லா."

வரைஞ்சு அனுப்பினாரு. அண்ணாச்சி கண்ணாடி வழியா மானிட்டரை எட்டிப் பாத்தாரு. ரோடு தெரியுது, மரம் தெரியுது. தான் மனசுல நினைச்சதுதான் திரையில வருதுன்னு அவருக்கு ஒரு திருப்தி. பொய் சொல்லல அவரு. நெசமாவே அப்படித்தான் நம்பினாரு. அதுதான் இதுல விசேசம்.

ரேம் இரட்டையங்க அசந்து போனானுவ. "அண்ணாச்சிக்கு"ன்னான் ஒருத்தன். "வேர்க்கவே இல்ல பாரு"ன்னான் மத்தவன். நெசந்தான். அண்ணாச்சி உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. மூணு விசிறியில ஒண்ணுகூட சுத்தல. பவர் சப்ளை இன்னும் ஒரு படி மேல போனாரு. நான் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கேன், இப்படி ஒரு மனுசனைப் பாத்ததில்ல, இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு ஒரு வாய்க்கு மேல திங்க மாட்டேங்காரு, விரதம் போலன்னு ஊரெல்லாம் பரப்பினாரு.

அன்னைக்கு ராத்திரி பல்லி சூட்டுக் காத்து தேடி அண்ணாச்சி முதுகுப் பக்கம் போய்ப் படுத்துப் பாத்துச்சு. பானைத் தண்ணி மாதிரி இருந்துச்சு. குளிர் தாங்காம எந்திரிச்சு, பிராசஸர் காத்து வார பழைய எடத்துக்கே வந்துட்டுது.

மாடியில சிவசைலமும் கொண்டாட்டத்துலதான் இருந்தாரு. ரேஸ்ல தோத்துட்டாரு, அது வேற விசயம். "வடிவு, இங்க வா, ரோட்டோரத்துப் புல்லு அசையுது பாரு, முன்னால அசையல"ன்னாரு. புல்லு முன்னாலயும் அசைஞ்சுதான் இருந்துச்சு. வடிவும் பாத்துட்டு, ஆமா, நல்லா வேர் விட்டுருக்குன்னா.

புதுக் கார்டுதான் வந்தாச்சேன்னு சிவசைலம் படத்துத் தரம் எல்லாத்தையும் உச்சத்துல ஏத்தி வச்சாரு. அதுல இருந்துதான் பிடிச்சுது சனி. ஒரு மரம் வரைஞ்ச எடத்துல இப்ப பிராசஸர் நாப்பது மரம், அத்தனைக்கும் இலை, அத்தனை இலைக்கும் நிழலு வரையணும். வரைஞ்சாரு. காரு தவழ்ந்துச்சு. இசக்கிராஜா காப்பி குடிச்சிட்டு வந்து, குளிச்சிட்டும் வந்துட்டாரு.

சிவசைலம் மறுபடியும் வீடியோ பாத்தாரு. அதுல பாட்டில்நெக்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. பாட்டில்ல எவ்வளவு தண்ணி இருந்தாலும் கழுத்து குறுகலா இருந்தா சொட்டுச் சொட்டாத்தான் விழும், அதே மாதிரி பெட்டிக்குள்ள ஒருத்தன் மந்தமா இருந்தா அத்தனை பேரும் மந்தம், அந்தக் கழுத்து யாருன்னு கண்டுபிடிச்சு மாத்துங்கன்னாங்க.

இது பெட்டிக்குள்ள தெரிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க கழுத்தைத் தடவிப் பாத்துக்கிட்டாங்க. பவர் சப்ளைக்குக் கழுத்தே கிடையாது. அவரு அடுத்தவங்க கழுத்தைப் பாத்தாரு.

முதல்ல ரேமைச் சொன்னாங்க. ரெண்டு பேரு நாலு பேரானானுவ. ஒரு வாக்கியத்தை நாலா வெட்டிப் பேச ஆரம்பிச்சானுவ, ஒரு காப்பி சொல்லதுக்குள்ள காப்பி ஆறிப்போவும். வேகம் கூடல. பெறகு பவர் சப்ளை. அண்ணாச்சிக்குச் சோறு பத்தலயோன்னு, பழையவரைத் தூக்கிட்டு அண்டாவுல சமைக்கிற ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. போகும்போது அவரு, இத்தனை வருசம் சோறு போட்டதுக்கு இதுவான்னு கேட்டுக்கிட்டே போனாரு. புதுசா வந்தவரு அண்டா அண்டாவா பொங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அண்ணாச்சி ஒரு வாய்தான் தின்னாரு. பெறகு கூலருக்கும் சீட்டுக் கிழிஞ்சுது. அந்த எடத்துக்குத் தண்ணி ஓடுத குழாயும் விளக்குமா, பட்டுச்சேலை கட்டின மாதிரி ஒருத்தி வந்தா.

ஒவ்வொரு தடவையும் முடிவு எடுக்கதுக்கு முன்னாடி சிவசைலம் சுவத்தைப் பாப்பாரு. ஒவ்வொரு தடவையும் பல்லி சொல்லத்தான் செஞ்சுது. "யய்யா, வயரை ஒரு தடவை"ன்னு வாயெடுக்கும். "சொல்லிருச்சு"ன்னு வடிவு அந்தப் பக்கம் கன்னத்துல போடுவா. ஒருதடவை பெட்டி ஓரத்துல இருந்த ஓட்டை வழியா உள்ளயே தலையை நீட்டிப் பேசப் பாத்துச்சு.

அண்ணாச்சி திரும்பிக்கூடப் பாக்கல. "இது யாரு?"

"வெளி ஆளு அண்ணாச்சி," ன்னாரு புதுப் பவர் சப்ளை.

"இங்க நமக்குன்னு ஒரு எடம், ஒரு ஸ்லாட்டு இருக்கவங்க மட்டும் பேசலாம். சுவத்துல நிக்கவங்க சுவத்தைப் பாத்துக்கிடணும்."

பல்லிக்கு ரோசம் வந்துட்டுது. பூச்சி கிடைக்கி, சூடு கிடைக்கி, எனக்கு என்ன வந்துச்சுன்னு வாயை மூடிக்கிட்டுப் போயிட்டுது. ஏன்னா, பிராசஸரு பட்ட பாட்டுக்குச் சூடு இப்பல்லாம் ராஜ சூடு.

மூணு மாசம் ஆச்சு. கை வைக்காத ஆளுன்னு பெட்டிக்குள்ள மிச்சம் இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் அண்ணாச்சி. அவரை யாரு மாத்துவா. இன்னொருத்தர் பிராசஸர்.

சிவசைலம் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, எல்லாரும் கேக்க, இந்த ஞாயித்துக்கிழமை ரேஸைப் பாப்பேன், அதுலயும் தோத்தா கழுத்து பிராசஸர்தான், அதைக் கழத்திக் குடோன்ல பில் போடுத பழைய கம்ப்யூட்டர் டப்பாவுக்குக் கொடுத்துருவேன்னு வடிவுட்ட சொல்லிட்டாரு. குடோன் டப்பான்னா தெரியும்ல. ஒருநாளைக்கு ஏழு பில்லு. தூசி. மேல ஒரு டிபன் கேரியரு. அதுல போய் உக்காந்த எந்தப் பிராசஸரும் திரும்பினது கிடையாது.

சனிக்கிழமை பிராசஸர் மனசைத் தேத்திக்கிட்டு அண்ணாச்சியைப் பாத்துக் கேட்டாரு.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை. நாளைக்கு மட்டும் வரையுததுல கொஞ்சம் நீங்க எடுத்துக்கிட்டா, நான் கணக்கை ஓட்டிருவேன். ஒரு நாளைக்கு மட்டும்."

அண்ணாச்சிக்குக் கோவம் வரல. இரக்கம்தான் வந்துச்சு. "தம்பி, மொத்தமும் நாமதான் எடுத்துக்கிட்டு இருக்கோம். இதுல இன்னும் எங்க எடுக்க? நம்மளைப் பாரு. மூணு மாசமா இவ்வளவு வேலை. ஒரு சொட்டு வேர்வை உண்டா? பதறாம செஞ்சா வேர்க்காது. உனக்குப் பதட்டம். அதுதான்."

பிராசஸர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. பெறகு, "ஆகட்டும்"னாரு. அவரும் நம்பிட்டாரு பாருங்க, தனக்குத்தான் பதட்டம்னு.

ஞாயித்துக்கிழமை ஆறு மணி. அந்த ரேஸைச் சொல்லணும்னா தனிக் கதை. பிராசஸரு ஒரு கையால கணக்குப் போட்டாரு, ஒரு கையால மரம் வரைஞ்சாரு. இலை வரைஞ்சாரு, இலைக்கு நிழலு வரைஞ்சாரு, ரோட்ல தேங்கின தண்ணியில அந்த நிழலுக்கு நிழலு வரைஞ்சாரு. தண்ணிக் குழாய்க்காரி தண்ணி தண்ணியா ஊத்தினா. தொண்ணூறு டிகிரி, தொண்ணூத்தி மூணு டிகிரி. மூணாவது வளைவு தாண்டிச்சு. நாலாவது வளைவு தாண்டிச்சு. சிவசைலம் நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. பக்கத்துல அண்ணாச்சி, "நிதானம், நிதானம், நாம இருக்கோம்"னு சொல்லிக்கிட்டு ஜில்லுன்னு இருந்தாரு.

அஞ்சாவது வளைவுல ஒரு பாலம். பாலத்துக்குக் கீழ ஆறு. ஆத்துல அலை. ஒவ்வொரு அலையிலயும் சாயங்கால வெயிலு. பிராசஸர் அலையை எண்ணிப் பாத்தாரு. முதல் தடவையா அவரு வாய்ல இருந்து "ஆகட்டும்" வரல. படம் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு.

போன் அடிச்சுது.

"அத்தான், காரு பாலத்து மேல நிக்கி. காத்து வாங்குதீங்களா?"

அவ்வளவுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து, குழாய்க்காரியைத் தூக்கி, பிராசஸர் நெத்தியில சந்தனம் மாதிரி அப்பியிருந்த பசையைப் பஞ்சால துடைச்சு, அவரைப் பிடிச்சிருந்த நெம்புகோலைத் தூக்கி, ரெண்டு விரலால எடுத்து மேசை மேல, பழைய பேப்பர்ல வச்சாரு சிவசைலம். இரட்டையங்க நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டானுவ. அண்ணாச்சி மட்டும் நாலு நல்ல வார்த்தை சொன்னாரு. நல்ல உழைப்பாளி, பதட்டம் மட்டும் இல்லன்னா எங்கயோ போயிருப்பாரு, குடோன்லயாவது நிம்மதியா இருக்கட்டும்னாரு.

புதுப் பிராசஸர் வந்தாரு. ஆளு வேகம்னா வேகம். பேச்சும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. ரேஸுக்குன்னே பாத்து, தனியா கார்டு இருக்கவங்களுக்கு இது போதும்னு கடைக்காரரு எடுத்துக் கொடுத்த ஆளு.

மணி ஆறுக்கு அஞ்சு நிமிசம். வடிவு கீழ விளக்கு வச்சிட்டு மேல வந்தா. போன்ல இசக்கிராஜா தயாரா இருந்தாரு. சிவசைலம் பொத்தானை அமுக்கினாரு.

பெட்டி பூராம் தீபாவளி. விளக்கு எரியுது, குழாய்ல தண்ணி ஓடுது, விசிறி சுத்துது. மானிட்டர் மட்டும் கன்னங்கரேல்னு இருக்கு.

உள்ள அண்ணாச்சி கனைச்சுக்கிட்டாரு. "ம். வழக்கம்போல அனுப்புங்க தம்பி. நாம பாத்துக்கிடுதோம்."

"எதை அனுப்பணும்?" ன்னாரு புது ஆளு.

"வரைஞ்சதை."

"நான் வரையமாட்டேன். எனக்கு வரையவே தெரியாது. கணக்கு மட்டும்தான். அந்தா, உங்களுக்குக் கணக்கு போட்டு வச்சாச்சு. வரையுதது உங்க சோலி."

"நம்ம சோலியா?" ன்னாரு அண்ணாச்சி. "அப்ப இவ்வளவு நாளும்"னான் ஒரு ரேம். மத்த மூணு பேரும் அதை முடிக்கல.

அண்ணாச்சியைப் பத்தி நான் கேலி பேசினேன்ல, இப்ப ஒண்ணு சொல்லணும். மனுசன் எந்திரிச்சாரு. மொத முறையா வேலையை எடுத்தாரு. மூணு விசிறியும் சுத்த ஆரம்பிச்சுது. உடம்பு சுட்டுது, வேர்த்துச்சு, அண்டாவுல இருந்த சோத்தை அள்ளி அள்ளித் தின்னாரு. வரைஞ்சாரு பாருங்க, ஒரு கண்ணிமைக்கதுக்குள்ள நூறு மரம், ஆத்துல அத்தனை அலை, அலையில அத்தனை வெயிலு. அப்படி ஒரு பாலத்தைத் தாமிரபரணிலகூட பாக்க முடியாது. அவருக்கே ஆச்சரியம். இதெல்லாம் நமக்குத் தெரியுமான்னு கேட்டுக்கிட்டே வரைஞ்சாரு. வரைஞ்ச படத்தை வெளிய அனுப்பினாரு.

போவல.

இன்னொண்ணு அனுப்பினாரு. அதுவும் போவல. வாய் வரைக்கும் வந்து படம் படமா அடைச்சுக்கிட்டு நிக்கி. கண்ணாடி வழியா எட்டிப் பாத்தாரு. மானிட்டர் இருட்டு. "என்னமோ வாயை அடைக்கி"ன்னாரு. தொப்புள்ல இருந்து வந்த குரலு இப்ப தொண்டையில இருந்துகூட சரியா வரல.

வெளிய சிவசைலம் பொத்தானை அமுக்கி அணைச்சாரு, அமுக்கிப் போட்டாரு. மானிட்டரை ரெண்டு தட்டு தட்டினாரு. குடோன்ல பாத்திரத்தைத் தட்டிப் பாக்க மாதிரி பெட்டியைத் தட்டிக் காதை வச்சுக் கேட்டாரு. "அத்தான், ரோட்ல உங்க காரையே காணுமே. வித்துட்டீங்களா?" ன்னு போன்ல கேட்டுது.

சிவசைலம் போனைக் கவுத்தி வச்சாரு. பேப்பர் மேல கிடந்த பழைய பிராசஸரை ஒரு தடவை பாத்தாரு, பெட்டியை ஒரு தடவை பாத்தாரு. பெறகு ஒரு முடிவுக்கு வந்த மாதிரி நிமிந்து உக்காந்தாரு.

"வடிவு, இப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சு. கழுத்து இந்தக் கார்டுதான். இவ்வளவு வேகமான பிராசஸருக்கு இது பத்தல. இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. உன் ரெட்டைவடச் சங்கிலியைக் கொடு, நாளைக்கே வாங்கிருவோம்."

வடிவு கழுத்துல கிடந்த சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டா. அதைக் கழத்தணும்னா சும்மா கழத்திருவாளா. திரும்பி, பெட்டிக்குப் பின்னாடி சுவத்தைப் பாத்தா. "அது சொல்லட்டும். சொன்னா தாரேன்," ன்னா.

சிவசைலமும் சுவத்தைப் பாத்தாரு. பெட்டிக்குள்ள அத்தனை பேரும், மூச்சு வாங்கிக்கிட்டு நின்ன அண்ணாச்சியும், சுவத்தைப் பாத்தாங்க. பேப்பர் மேல கிடந்த பழைய பிராசஸரும் பாத்தாரு.

பல்லி வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. இந்த மனுசங்க முன்னால தான் என்ன சொன்னாலும் அது எங்க போய் முடியும்னு மூணு மாசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கு. பழைய பிராசஸரைப் பாத்துச்சு. வடிவு கையில இருந்த சங்கிலியைப் பாத்துச்சு. ஆனா அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல. மணி ஆறேகால். மானிட்டர்ல வெளிச்சம் இல்ல. வெளிச்சம் இல்லாததால ஒரு கொசுகூட வரல. பொறுத்துப் பாத்துச்சு. முடியல.

"யய்யா," ன்னுச்சு பல்லி, "மானிட்டர் வயரை மூணு மாசமா அந்தப் பேப்பர்ல கிடக்க மனுசனோட பழைய ஓட்டையிலதான் சொருகி வச்சிருக்கீங்க. அண்ணாச்சி வாய்ல கடையில போட்டுவிட்ட ரப்பர் மூடியை இன்னும் ஒருத்தரும் கழத்தவே இல்ல."